தவராசா அண்ணையின் பென் டிரைவ்

அந்த பென் டிரைவைக் களவெடுத்தது நான்தான். நேரில் சொல்ல மூன்று வருஷம் இருந்தது, சொல்லவில்லை. இப்போது முகநூலில் சொல்கிறேன்...

தவராசா அண்ணை நேற்று விடிய நெஞ்சு நோகிறது என்றாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதல் எல்லாம் முடிந்துவிட்டது. இன்று பின்னேரம் இறுப்பிட்டியில் செத்தவீடு நடந்தது.

தெரியாதவர்களுக்கு... குறிகட்டுவான் - யாழ்ப்பாணம் மினிபஸ்ஸில் அவர் டிரைவர், நான் கண்டக்டர். பள்ளிக்கூடத்தில் என்னைக் கூடுதலாக வகுப்புக்கு வெளியேதான் நிற்கவிட்டார்கள். வாசலில் நின்று பழகிய ஆள் நான்.

மற்ற பஸ்களில் புதுப் படப் பாட்டு அதிரும். எங்கள் பஸ்ஸில் விடியக் காலமை அண்ணையின் பென் டிரைவிலிருந்து நாதஸ்வரம், அது முடிய வயலின். "கலியாணவீட்டு பஸ்" என்று பட்டம் வேறு.

முதல் படகில் நயினாதீவிலிருந்து வரும் இளசுகள் எட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் நிற்கும் பஸ்ஸுக்குப் போவார்கள். அங்கே இடம் கிடைக்காததுகள்தான் எங்களுக்கு என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் முதலாளி வந்தார். "இளசுகள் ஏறேல்லையெண்டா பாட்டுச் செற்றைக் கழட்டிப்போடுவன், தவராசா அண்ணை."

"கழட்டும். ஸ்டியரிங்கையும் சேத்துக் கழட்டும். நான் வீட்டை போறன்."

சொன்னால் செய்கிற மனுசன். எனக்குப் பயம் வந்துவிட்டது. அன்று பின்னேரமே பென் டிரைவை எடுத்து என் சோற்றுப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, துலைந்துபோச்சு என்று சொல்லிவிட்டேன். அடுத்த நாளில் இருந்து என்னுடைய சினிமாப் பாட்டு.

நாலு நாள் அண்ணை என் பாட்டோடேயே பஸ்ஸை ஓட்டினார்.

ஐந்தாம் நாள் யாழினி கதவடியில் என்னிடம் வந்து நின்றாள். நயினாதீவுப் பிள்ளை, யாழ்ப்பாணம் கம்பஸில் படிக்கிறவள். "அண்ணை, எங்கட கச்சேரி எங்க?"

"எந்தக் கச்சேரி?"

"பாலத்தில வரேக்க தனித் தவில் அடிபடும். அதைக் கேக்கத்தானே மற்ற பஸ்ஸை விட்டிட்டு இதில ஏறுறம்."

"பிள்ளை, உமக்கு என்ன வயசு?"

"பத்தொன்பது."

"எனக்கு நாப்பத்தேழு. எனக்கே அது விளங்கேல்லை."

"அது வயசுக் கோளாறில்லை அண்ணை." பின் சீற் முழுக்கச் சிரித்தது.

அடுத்த நாள் காலமை பென் டிரைவைக் கொடுத்தேன். "சீற்றுக்குக் கீழ கிடந்தது அண்ணை."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "நேற்றுப் பின்னேரம் சீற்றுக்குக் கீழ கூட்டினது நான்."

அவ்வளவுதான். சோற்று மணத்தோடு அதைச் செருகினார். நாதஸ்வரம் தொடங்கியது.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்... எங்கள் பஸ் நிரம்பியது. முன் சீற்றுக் கம்பியில் தட்டித் தாளம் போடுவார்கள். தாளம் திரும்பித் தொடங்கும் இடத்துக்குச் சமம் என்று பெயராம். அண்ணை சரியாகச் சமத்தில்தான் கியர் மாற்றுகிறார் என்று ஒரு கூட்டம் சத்தியம் பண்ணியது.

அவரிடமே கேட்டேன். "நான் ரோட்டில கிடங்கு பள்ளத்தைப் பாத்து மாத்துறன்" என்றார். அவர் ஒருவருக்கும் ஒன்றும் படிப்பித்ததில்லை. போட்டுவிட்டு ரோட்டைப் பார்ப்பார்.

ஒரே ஒரு சட்டம் இருந்தது. தொடங்கியதைப் பாதியில் நிறுத்தக் கூடாது.

ஒருநாள் யாழ்ப்பாணம் பஸ் ஸ்டாண்டில் நின்ற பிறகும் ஒருத்தரும் இறங்கவில்லை. டைம் கீப்பர் வந்து தகரத்தில் அடித்தார். "என்ன, எல்லாரும் நித்திரையோ?"

உள்ளேயிருந்து யாழினியின் குரல். "பொறுங்கோ ஐயா, இன்னும் ரெண்டு சுற்றுக் கிடக்கு."

முப்பது பிள்ளைகள். எல்லார் கையிலும் போன். ஒருத்தரும் போனைப் பார்க்கவில்லை. கதவடியில் நான் நின்ற நிலையைப் பார்த்திருந்தால் கச்சேரி செய்ததே நான்தான் என்று நினைத்திருப்பீர்கள்.

இன்று அந்தப் பிள்ளைகள் எல்லாம் வந்தார்கள். அண்ணையின் வீட்டு வேலியோரம் நின்ற எங்கள் பஸ்ஸுக்குள் ஏறி, அவருடைய பென் டிரைவில் நாதஸ்வரக் காம்போதி ராகத்தைப் போட்டார்கள்.

ஒரு பெரியவர் ஓடிவந்தார். "செத்தவீட்டில மங்கள வாத்தியமோ?"

"இது செத்தவீடில்லை ஐயா. இது பஸ்" என்றாள் யாழினி.

உள்ளேயிருந்து அண்ணையின் மனுசி சொல்லி அனுப்பினா. "ஓடட்டும். பாதியில மட்டும் நிப்பாட்ட வேண்டாமாம்."

நான் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் போய், களவெடுத்தது நான்தான் அண்ணை என்று மெல்லச் சொன்னேன். அவருக்குத் தெரியும்.

போயிற்று வாங்கோ அண்ணை.

காம்போதி நாற்பத்திரண்டு நிமிடம். முழுவதும் ஓடியது. பிறகு சுடலைக்கு ஆட்களை ஏற்றிப் போக பஸ்ஸை ஸ்டார்ட் பண்ணினோம், பேட்டரி இறங்கியிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பெரியவரும் சேர்ந்து தள்ளினார். இரண்டாம் கியரில் எஞ்சின் பிடித்தது.