அரிசீம்பருப்பு சோறும் முதல் டிவிஷனும்

மாவட்டக் கால்பந்து லீகில் சேர ஆண்டுதோறும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அதன் ஏழாவது கேள்வி: 'கழகத்தின் சாதனைகள். தேவைப்பட்டால் தனித்தாள் இணைக்கவும்.' நான் செயலாளராக இருந்த முதல் நான்கு ஆண்டுகளும் தனித்தாள் தேவைப்படவில்லை. நான்காம் ஆண்டில் 'நன்னடத்தைக் கேடயம், ஒன்பது முறை' என்று எழுதிய பிறகும் அந்த வரியில் பாதி இடம் மிச்சமிருந்தது.

எங்கள் கழகம் போத்தனூரில் இருக்கிறது. ரயில்வே குடியிருப்பை ஒட்டி ஒரு மைதானம், மாதா கோயில் வளாகத்தில் இரவலாக ஓர் அறை. கழகத்தைத் தொடங்கியது யார் என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. ரயில்வே ஆட்கள்தான் என்பது ஒரு கட்சி. முதல் பந்தை வாங்கிக் கொடுத்த பங்குச் சாமியார்தான் என்பது இன்னொன்று. பதிவு ஆவணத்தை எடுத்துப் பார்த்தேன். அது இரண்டு கட்சியையும் ஆதரிக்கவில்லை. கழகத்தின் நோக்கம் 'நூலகம், கேரம் மற்றும் கால்பந்து' என்று அந்த வரிசையிலேயே சொல்கிறது. நூலகம் என்பது ஒரு பீரோ, அதன் சாவி காணாமல் போய்விட்டது. கேரம் போர்டைப் பார்த்தவர் யாருமில்லை. ஆக, மூன்றில் ஒன்றையாவது விடாமல் செய்துவருகிறோம்.

முதலில் ஆடியவர்களின் அப்பன்மார் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். ஆடியவர்கள் மில்லுக்கும் ரயில்வேக்கும் போனார்கள். இன்று ஆடுகிறவர்களில் ஆண் நர்ஸ் இருக்கிறார், வங்கி எழுத்தர் இருக்கிறார், வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர் இருக்கிறார். தொழில் எதுவானாலும் மைதானத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் கத்துவார்கள். 'இங்க போடுங்க!' 'பின்னாடி ஆளு வாராருங்க!' எதிரணிக்காரன் கால் தட்டி விழுந்து உருண்டால் பந்தை விட்டுவிட்டு அவனைத் தூக்கப் போவார்கள். பந்து அதற்குள் நம் வலைக்குள் போயிருக்கும். கேடயம் ஒன்பது வந்தது இந்த வழியில்தான்.

நான் பந்தை உதைத்ததே இல்லை. பதிவுத்துறையில் சங்கங்கள் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆண்டறிக்கை தாக்கல் செய்யாத சங்கங்களுக்கு நோட்டீஸ் அனுப்புவதே என் வாழ்நாள் வேலை. ஓய்வு பெற்ற அடுத்த மாதம் கழகத்தின் கேப்டன் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு காகிதம்.

"சாருங்க, இது நீங்க அனுப்பிச்சதுதானுங்க. இதுக்குப் பதிலு எப்படிங்க எழுதோணும்?"

என் நோட்டீஸ்தான். என் கையெழுத்துதான். உட்கார்ந்து அதற்கு நானே பதில் எழுதிக் கொடுத்தேன். நல்ல பதில், என்னால் அதில் ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த மாதமே என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

கேப்டன் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். பதினாறு வயதில் கழகத்துக்கு வந்தவர், இப்போது முப்பத்தைந்து. தடுப்பாட்டக்காரர். வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. இந்த சீசனோடு நிறுத்தாவிட்டால் படியேற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பத்தொன்பது ஆண்டுகளில் அவர் கையில் வாங்கியதெல்லாம் நன்னடத்தைக் கேடயம்தான். "ஒருக்கா செயிச்சுப்போட்டு நிறுத்தோணுமுங்க. கேடயத்தைக் கொண்டுபோனா ஊட்ல ஆரும் திரும்பிக்கூடப் பாக்கறதில்லீங்க" என்பார்.

போன சீசனில் அது நடக்கும்போல இருந்தது. இரண்டாம் டிவிஷனில் கடைசி ஆட்டம் எங்கள் மைதானத்தில், பொள்ளாச்சிப் பக்கத்து அணியோடு. நாங்கள் ஜெயித்தால் முதலிடம் எங்களுக்கு, அடுத்த ஆண்டு முதல் டிவிஷன். டிரா ஆனாலும் அவர்களுக்கு. மழையால் தள்ளிப்போன ஆட்டம், கடைசியில் ஒரு வியாழக்கிழமை மாலை மூன்றரைக்கு என்று முடிவானது. பொள்ளாச்சியில் வியாழக்கிழமை மாட்டுச்சந்தை. லீக் அலுவலகத்தில் யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. எனக்கு வந்தது, நான் சொல்லவில்லை. கேட்டால் சொல்வதுதான் நடைமுறை.

மூன்றரைக்கு எங்கள் பதினொருவரும் நடுவரும் மைதானத்தில் நின்றோம். எதிரணி இல்லை. விதி எனக்கு மனப்பாடம்: பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும், அதற்குள் வராவிட்டால், வந்திருக்கும் அணியின் செயலாளர் எழுதிக் கேட்டால் வாக்ஓவர், அதாவது ஆடாமலே வெற்றி. கடிதத்தை முதல் நாளே மூன்று பிரதி எழுதி வைத்திருந்தேன். நேரத்தை மட்டும் நிரப்ப வேண்டும்.

மூன்று நாற்பதுக்குக் கேப்டனின் போன் அடித்தது. எதிரணி மேனேஜர். மாட்டு லாரிகளுக்கு நடுவில் ஒரு மணி நேரம் சிக்கி, வெளியே வந்தால் கிணத்துக்கடவில் டயர் பஞ்சராம். கேப்டன் பேசியதை நான் பக்கத்திலேயே நின்று கேட்டேன்.

"அப்படீங்களா... ஆருக்கும் ஒண்ணும் ஆகலீங்களே?... பரவாயில்லீங்க, மெதுவா வாங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க."

போனை வைத்தவர் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம்தான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

"சொல்லிப்போட்டனுங்களே" என்றார்.

"வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை. எழுத்தில் இல்லையே. இன்னும் நான்கு நிமிடம்."

"வரச் சொல்லிப்போட்டு எப்படிங்க சார்?"

"நீங்கள் ஜெயித்துவிட்டு நிறுத்த வேண்டும் என்றீர்களே!"

"ஆமாங்க. ஆடி செயிக்கோணுமுங்க. எங்கம்மா நின்னு பாத்துக்கிட்டு இருக்குதுங்க, பேப்பரைக் காட்டியா சொல்றது?"

மூன்று நாற்பத்தைந்து ஆனது. நடுவர் என்னைப் பார்த்தார். செயலாளர் எழுதிக் கேட்காவிட்டால் வெளிச்சம் இருக்கும்வரை காத்திருக்கலாம் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன். என் பணிக்காலத்தில் கையெழுத்துப் போடாமல் இருந்த காகிதங்களுக்காகவும் என்னைப் பாராட்டியவர்கள் உண்டு.

நாலேகாலுக்கு வேன் வந்தது. பதினான்கு பேர் கசங்கிப்போய் இறங்கினார்கள். அடுத்த தவறு அங்கே தொடங்கியது. அதைச் செய்தவர் கேப்டனின் அம்மா.

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் செய்கிறவர். சொந்த மைதானத்தில் ஆட்டம் என்றால், ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிக்கும் அரிசீம்பருப்பு சோறு போடுவது எங்கள் கழகத்தின் வழக்கம். அந்த அண்டா வேப்பமரத்தடியில் தயாராக இருந்தது. வேனிலிருந்து இறங்கியவர்களை அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தார்.

"ஏங்கண்ணு, மத்தியானம் சாப்புட்டீங்களா?"

"இல்லீங்கம்மா. ஈச்சனாரில சாப்புடலாம்னு வந்தமுங்க. நேரமில்லீங்க" என்றான் அவர்களுடைய கோல்கீப்பர்.

"பட்டினியாவா ஓடப்போறீங்க? உக்காருங்க."

நான் இடையில் புகுந்தேன். "அம்மணி, இது ஆட்டம் முடிந்த பிறகு போடுகிற சோறு."

"வயித்துக்கு அது தெரியுமுங்களா சார்? இலையை எடுங்க."

நடுவர் கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம் கொடுத்தார். அரிசீம்பருப்பு சோற்றைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அரிசியையும் பருப்பையும் ஒன்றாக வேகவைத்த அது வாயில் இலேசாகத்தான் இருக்கும், வயிற்றில்தான் கனக்கும். நெய்யை ஊற்றியபின் நிறுத்தவும் முடியாது. அந்த அம்மாவோ, எந்த இலையும் காலியாக இருப்பதைப் பார்த்துப் பொறுக்காதவர். "இன்னும் சித்த போட்டுக்குங்க கண்ணு" என்று கரண்டியோடு நின்றார். அதற்குமேல் தயிர்ச் சோறு. பதினான்கு பேரும் அண்டாவின் அடியைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்கள். எங்கள் ஆட்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு நின்றார்கள்.

"எங்களுக்கு ஒரு வாயி இல்லீங்களா பெரீம்மா?" என்று கேட்டான் எங்கள் சாப்பாடு டெலிவரிக்காரன்.

"உனக்கென்ன, தெனமும் சோத்தை முதுகுல சொமந்துக்கிட்டுத்தான திரியறே? போயி ஆடு."

ஆட்டம் தொடங்கியது. பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம். தொடங்கியவுடனே அவர்கள் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். கேப்டனைத் தாண்டித்தான் பந்து போனது. அந்தக் கால் திரும்பவில்லை. கேப்டன் என் பக்கம் பார்த்தார். என் சட்டைப்பையில் இருந்த மூன்று பிரதிகளை நான் பார்த்துக்கொண்டேன். இடைவேளை வரை அப்படியே இருந்தது.

இரண்டாம் பாதியில் பருப்பு வேலை செய்யத் தொடங்கியது. முதலில் அவர்களுடைய இடதுபக்க ஓட்டக்காரன் நடக்க ஆரம்பித்தான். அப்புறம் இருவர் இடுப்பில் கைவைத்து நின்றார்கள். ஒருவன் கொட்டாவி விட்டதை என் கண்ணால் பார்த்தேன். எங்கள் டெலிவரிக்காரன் பசியின் கோபத்தில் மூன்று பேரைத் தாண்டிப் போய் ஒரு கோல் போட்டான். தாண்டும்போது ஒவ்வொருவரிடமும் "தள்ளுங்க" என்று சொன்னதாகப் பின்னால் கேள்விப்பட்டேன்.

கடைசி நிமிடங்களில் எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கேப்டன் நொண்டிக்கொண்டே முன்னால் போனார். பந்து வந்தது, யாரோ தலையால் இடித்தார்கள், யாரோ உதைத்தார்கள், அது கம்பத்தில் பட்டுத் திரும்பிக் கேப்டனின் வலது முழங்காலில் மோதி உள்ளே போனது. டாக்டர் ஓய்வு கொடுக்கச் சொன்ன அதே முழங்கால். உதைத்தது அவரல்ல, பந்துதான் அவரை உதைத்தது என்று எதிரணி மேனேஜர் இன்றும் சொல்கிறார். விதிப்படி அதில் வித்தியாசமில்லை.

கேப்டன் ஓடினார். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக அவர் ஓடியதை நான் பார்த்ததில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டி, வேப்பமரத்தடியில் அண்டா கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, செயிச்சுப்போட்டமுங்கோ!"

"இன்னும் ஊதலியேடா, அதுக்குள்ள எங்கடா வந்தே? போ, போ!"

அனுமதியில்லாமல் மைதானத்தை விட்டு வெளியேறியதற்காக நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். அந்த சீசனில் எங்கள் கழகம் வாங்கிய ஒரே அட்டை. கேப்டன் நடுவரைக் கையெடுத்துக் கும்பிட்டு அதை ஏற்றுக்கொண்டார். மூன்று நிமிடத்தில் ஆட்டம் முடிந்தது.

எதிரணி மேனேஜர் சிவந்த முகத்தோடு என்னிடம் வந்தார்.

"நான் புகார் எழுதிக் குடுக்கப் போறனுங்க. பேப்பர் இருக்குதுங்களா?"

என்னிடம் வாக்ஓவர் கடிதம் மூன்று பிரதி சும்மா இருந்தது. ஒன்றைத் திருப்பிப் பின்பக்கத்தைக் கொடுத்தேன். பேனாவும் கொடுத்தேன். யாருக்கு எழுத வேண்டும், எந்த விதி, எத்தனை மணிக்குள் என்பதையும் சொன்னேன். என் நோட்டீஸுக்கு நானே பதில் எழுதியவன், எங்கள் மீதான புகாருக்கு உதவாமல் இருக்க முடியுமா? வேகமாக எழுதிக்கொண்டே வந்தவர், 'புகாருக்கான காரணம்' என்று எழுதிவிட்டு நின்றார்.

"சார், சோறு போட்டுப்போட்டாங்கன்னு எப்படிங்க எழுதறது?"

"போட்டார்கள் என்று எழுதினால், சாப்பிட்டீர்களா என்று கேட்பார்கள்."

"சாப்புட்டமுங்க. நான் ரெண்டு தடவை வாங்கினனுங்க." சிரிப்பை அடக்கப் பார்த்தார்; முடியவில்லை. காகிதத்தை மடித்து என்னிடமே தந்துவிட்டார்.

நன்னடத்தைக் கேடயம் அந்த ஆண்டு எங்களுக்கு வரவில்லை. அந்த ஒரு மஞ்சள் அட்டையால் அது பொள்ளாச்சிக்காரர்களுக்குப் போயிற்று. எங்கள் அறையில் பத்தாவது கேடயத்துக்கு முன்கூட்டியே அடித்து வைத்த ஆணி வெறுமனே இருந்தது. கேப்டன் தன் முழங்கால் பட்டையைக் கழற்றி அதில் மாட்டினார். அதோடு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார்.

இந்த ஆண்டுப் படிவத்தை நிரப்ப அவர்கள் வீட்டுக்கே போயிருந்தேன். ஏழாவது கேள்விக்கு எதிரே 'இரண்டாம் டிவிஷன், முதலிடம்' என்று எழுதினேன். கேப்டன் அதை இரண்டு முறை படித்தார். அப்புறம் உள்ளே இருந்த அம்மாவுக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். அந்த அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்து கேட்டார்.

"அல்லாம் சரிங்க சார். அந்தப் பசங்க பட்டினியா வந்ததும், நாம சோறு போட்டதும் அதுல எழுதலீங்களா?"

"அதற்கு இடமில்லை, அம்மணி."

"என்னமோ தனித்தாளு வெக்கலாம்னு போட்டிருக்குதுன்னு எம்பையன் சொன்னானுங்களே?"

போட்டிருக்கிறதுதான். அந்தத் தனித்தாள்தான் நீங்கள் படித்தது.