ஐயாவுக்கும் அதே சொல்

காலை பத்தேகால் மணிக்கு, கீழ்வேளூர் தாலுகா அலுவலக வாசலில் ஒரு டைப்ரைட்டரைத்தான் முதலில் பார்த்தேன். அதன் பின்னால், மூக்குக்கண்ணாடிக் காம்பை நூலால் கட்டியிருந்த டைப்பிஸ்ட். ஆங்கிலத்தில் அடித்த மனுவைச் சொல் சொல்லாகப் பென்சிலால் தொட்டு, தமிழில் வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம்.

அன்றைய மனு, மிராசுதார் வெளியேற்றிய குத்தகைக்காரர் ஒருவருடையது; அவரையும் ‘நான்’ என்று எழுதாமல் ‘மனுதாரர்’ என்றே குறித்தது. எழுதப் படிக்கத் தெரியாத அவர் பென்சிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிராசு ஐயாவுக்கும் எனக்கும் ஒரே எழுத்தா இருக்கே?”

“ரெண்டு பேருக்கும் ‘ஹீ’தான். இங்கிலீஷ்ல ‘அவன்’, ‘அவர்’னு பிரிவு கெடையாது; கலெக்டருக்கே அதுதாங்க.”

“ஐயா பாத்தா கோவிச்சுக்குவாங்க. அப்புறம் நெலம் திரும்பாது. மாத்திடுங்க.”

டைப்பிஸ்ட் வாதாடாமல் வேறு தாளைச் செருகினார். மிராசுதாரைக் குறித்த ‘ஹீ’ வந்த இடமெல்லாம் அவருடைய முழுப்பெயரை அடித்தார்.

குத்தகைக்காரர் அதில் கைநாட்டு வைத்தார். பிறகு முதலில் அடித்த தாளையும் கேட்டு வாங்கி, மடித்து மடியில் செருகிக்கொண்டார்.