முப்பது ஆம்பியர் ஃபியூஸ்

என் மனைவி ஒட்டன்சத்திரத்தில் நர்ஸ். காலை ஷிஃப்ட் நாட்களில் திண்டுக்கல்லிலிருந்து நான்தான் காரில் கொண்டுபோய் விடுவேன். தை மாதம் அந்தச் சாலையில் பனி கொட்டும். காரோடு வந்த பனிவிளக்குகள் மினுங்குமே தவிர எதையும் காட்டாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே காரை நிறுத்தி, செல்போனில் வீடியோ பார்த்து, அந்த பல்புகளைக் கழற்றிவிட்டு இரண்டு மடங்கு வெளிச்சம் தருபவற்றை மாட்டினேன். சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போய்விட்டது. பதினைந்து ஆம்பியர் இருந்த இடத்தில் முப்பதைச் செருகினேன். விளக்கு எரிந்தது.

"மெக்கானிக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்ல" என்றாள் அவள்.

"இதுக்குப் போயா?" என்றேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை ரெட்டியார்சத்திரம் தாண்டியிருந்தோம். பழனிக்கு நடந்து போகும் பாதயாத்திரைக் கூட்டம் இடதுபுறம் சாரை சாரையாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க, ஏதோ கருகுற வாடை வருது."

"எவனாச்சும் டயரக் கொளுத்துவான்" என்று சொல்லி முடிப்பதற்குள் பனிவிளக்கு, ஹெட்லைட் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன.

கண்ணாடிக்கு வெளியே சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றுமில்லை. பிரேக்கை மிதித்தேன். கார் நிற்க எடுத்துக்கொண்ட அந்தச் சில நொடிகள் முழுக்க, எதிலாவது மோதும் சத்தத்துக்காக என் உடம்பு காத்துக்கொண்டிருந்தது. சத்தம் வரவில்லை. ஆனால் மிக அருகில், பானெட்டுக்குப் பக்கத்திலேயே, "அரோகரா" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

பின்னால் பஸ் ஹார்ன். நாலு இண்டிகேட்டரும் ஒன்றாக மின்னும் பொத்தானைத் தேடி அமுக்கினேன். நல்லவேளை, அது வேலை செய்தது. பஸ் எங்களை உரசுவதுபோல் ஒதுங்கிப் போனது.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பச்சை வேட்டி கட்டிய ஒரு பெரியவர். "அப்பு, முன்னாடி பொகை வருது. எறங்குங்க ரெண்டு பேரும்."

கதவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. மனைவிதான் குறுக்கே சாய்ந்து திறந்துவிட்டாள். பானெட்டைத் தூக்கியதும் புகை முகத்தில் அடித்தது. ஃபியூஸ் பெட்டி உருகி வழிந்திருந்தது. முப்பது ஆம்பியர் ஃபியூஸ் மட்டும் அப்படியே இருந்தது. பெரியவர் தோள்துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு பேட்டரி வயரை ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார். புகை மெல்ல அடங்கியது.

பிறகுதான் முன்பக்கம் பார்த்தேன். பம்பரிலிருந்து இரண்டு முழம் தள்ளி, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி ஒரு பெண் நின்றிருந்தாள். குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே நடந்து போனாள்.

நான்கைந்து பேர் காரை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். மனைவி அடுத்த பஸ்ஸில் வேலைக்குப் போனாள்.

காரை ஒரு வேனில் கட்டி இழுத்து வந்தேன். மதியம் திண்டுக்கல்லில் எலக்ட்ரீசியன் உருகிய வயரைக் கையில் எடுத்துப் பார்த்தார். "வயரு தாங்காது சார். அதுக்குத்தான் ஃபியூஸ் போகணும். போக விடாமப் பண்ணிருக்காங்க. யாரு பாத்த வேலை இது?"

"வெளிய ஒரு கடையில" என்றேன்.

"அந்தக் கடைக்கு இனிமே போகாதீங்க."

அன்று மாலை மனைவியிடம் எலக்ட்ரீசியன் கடையில் நடந்ததையெல்லாம் சொன்னேன், அந்தப் பொய்யைத் தவிர. அந்தப் பெண் எவ்வளவு தூரத்தில் நின்றாள் என்று மனைவி கேட்கவில்லை. அவளும் பார்த்திருந்தாள்.