மாரிமுத்து என்று கூப்பிட்டபோது எழுந்தவர்

எனக்கு எழுதத் தெரியாது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் பிளவுஸ் அளவுகள்தான். ஆட்களோடு கதைக்கவே கூச்சப்படுகிறவள் இப்படி எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம், பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் எல்லோரும் பாதியிலேயே சிரித்துவிடுகிறார்கள். எழுதினால் கடைசி வரையாவது வருவீர்கள் என்று ஒரு நினைப்பு.

ஆவி, பேய் என்பதில் எனக்கு நம்பிக்கை இருந்ததே இல்லை. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பக்கம் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மந்திரித்த நூல் கட்டத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், நான் மருந்துக் குளிசை வாங்கிக்கொடுக்கிற ஆள். என் சந்தேகமெல்லாம் உயிரோடு இருக்கிறவர்கள் மேல்தான். மிச்சக் காசைக்கூட இரண்டு தரம் எண்ணாமல் வாங்க மாட்டேன்.

என் கணவர் கனடாவில் இருக்கிறார். போன வருடம் பக்கவாதம் வந்து அவருக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒற்றை அறையில் தனியாகக் கிடக்கிறார், பக்கத்து அறைக்காரர் இரக்கப்பட்டுச் சோறு கொடுக்கிறார். அவர் என்னைக் கூப்பிடப் போட்டிருந்த விண்ணப்பம் ஒருவழியாக நகர்ந்து, விசா அலுவலகத்துக்குக் கைரேகை கொடுக்க வரச் சொன்னார்கள். போனேன். மற்ற விரல்கள் எப்படியோ விழுந்தன, பெருவிரல் இரண்டும் கைரேகை மெசினின் கண்ணாடியில் விழவே இல்லை. வருடக்கணக்காகத் தையல் கடையில் பிளவுஸுக்குக் கொக்கி தைத்தும் இஸ்திரிப் பெட்டியில் சுட்டும் என் பெருவிரல்கள் வழுவழுவென்று ஆகிவிட்டன. இன்னொரு நாள் தந்தார்கள். அன்றைக்கும் விழாவிட்டால் எல்லாம் இழுபடும், எவ்வளவு காலம் என்று சொல்ல முடியாது என்று விண்ணப்பம் நிரப்பித் தந்தவர் சொன்னார். அவ்வளவு காலம் என் கணவர் தாங்குவாரா என்பதுதான் என் பயம்.

இரண்டாம் தடவை வெள்ளவத்தையில் இருக்கும் மச்சாள், அதாவது கணவரின் தங்கச்சி, கூட வந்தாள். கட்டடத்து வாசலில் நின்று என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கிரீம் பூசினனீங்களோ அண்ணி?"

"ரெண்டு வாரமா பூசுறேன்."

"கடைக்குப் போகேல்லத்தானே?"

"ஒரே ஒரு பிளவுஸ்தான் தைச்சேன்."

"ஒரே ஒரு பிளவுஸாம். அண்ணாட சோறு உங்கட விரலிலதான் கிடக்குது, விளங்குதோ. உள்ள கைரேகை எடுக்கிற பெட்டை சொல்லுற மாதிரி நல்லா அமத்துங்கோ. புதுப்பொம்பிளை மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காதேங்கோ."

கூட வந்தவர்களை மேலே விடமாட்டார்கள், அதனால் அவள் கீழேயே நின்றுவிட்டாள். மேலே கதிரைகள் போட்ட ஒரு மண்டபம், அதற்கு அந்தப் பக்கம் கைரேகை எடுக்கும் அறை. வத்தளையிலிருந்து வந்த ஒரு பெண் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் விரல்களைச் சேலையில் துடைத்தபடி, லெட்சுமி என்று எப்போது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன்.

காவலாளி "மாரிமுத்து" என்று கூப்பிட்டான்.

மாரிமுத்து என்பது என் அப்பா. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் முன்னால் இருக்கிறது, அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் தடவை முழுப் பெயரும் சொல்லிக் கூப்பிட்டதால் எனக்கு அது உறைக்கவில்லை. என்னை ஒருவரும் மாரிமுத்து என்று கூப்பிட்டது கிடையாது, ஆகவே நான் எழும்பவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழும்பிப் போனார். வெள்ளைச் சேர்ட், காக்கிக் காற்சட்டை, வலது தோள் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது. முதுகைத்தான் பார்த்தேன். கொழும்பில் எத்தனையோ மாரிமுத்து இருப்பார்கள் என்று சும்மா இருந்தேன்.

கொஞ்சம் பொறுத்துத்தான், அது என்னைக் கூப்பிட்டதாக இருக்குமோ என்று நெஞ்சில் குத்தியது. உடனே வேறு விதமாகவும் யோசனை ஓடியது, அடுத்தவர் பெயரில் ஆள் மாறிப் போகிற ஏஜென்சிக்காரர்கள் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன், என் இடத்தை எவனோ எடுத்துக்கொண்டான் என்றே நினைத்தேன். பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன்.

"இப்ப ஒரு பெரியவர் உள்ள போனாரே, அவரும் மாரிமுத்துவா?"

"எந்தப் பெரியவர்? நான் அந்தக் கதவையேதான் பார்த்துக்கொண்டு இருக்கிறன். ஒருத்தரும் போகேல்லயே அக்கா."

சொல்லிவிட்டுத் தன் கைப்பையை மெதுவாக மற்றப் பக்கம் மாற்றி வைத்துக்கொண்டாள். அவளுக்கு என் மேல் சந்தேகம், எனக்கு அவள் மேல் சந்தேகம்.

பிறகு "மாரிமுத்து லெட்சுமி" என்று கூப்பிட்டார்கள். உள்ளே போனேன். அந்தப் பெரியவர் வெளியே வரவில்லை, உள்ளேயும் இல்லை. நான் வந்த கதவைத் தவிர அங்கே வேறு வழி கிடையாது, நன்றாகப் பார்த்தேன். மெசினுக்கு முன்னால் ஒரு கதிரை, மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு தமிழ்ப் பிள்ளை.

"இருங்கம்மா. பெருவிரல் ரெண்டும் சூப்பரா விழுந்திருக்கு. இனி மத்த விரல்களை வைங்க."

"நான் இன்னும் வைக்கலயே மகள்."

"பயத்துல மறந்துட்டீங்களா? இப்பதானே வச்சீங்க. கையில மை வேற இருந்துச்சு, நான்தானே துடைச்சு விட்டேன்."

காலடியில் இருந்த குப்பைக் கூடையைப் பார்த்தேன். மேலே கிடந்த டிஷ்யூவில் ஊதா நிற மை. அங்கே எல்லாம் கண்ணாடியில்தான், மை என்ற பேச்சே இல்லை.

நான் சொல்லப்போவதை நம்ப வேண்டும் என்று கட்டாயம் இல்லை. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினவர். எழுத்துத் தெரியாது, சம்பளத்துக்குக் கைநாட்டுத்தான் வைப்பார். சம்பள நாளில் பெருவிரலில் ஊதா மையோடு வருவார், அதோடு சோற்றில் கை வைக்காதே என்று அம்மா கத்துவார். தெருவில் அவரைக் "கைநாட்டு" என்றே கூப்பிடுவார்கள். அவர் அதற்கும் "என்னடா" என்று திரும்பிப் பார்ப்பார். எனக்கு மட்டும் அந்தப் பெயர் வரக்கூடாது என்று பள்ளிக்கூடத்துக்கு அடித்து அனுப்பினார். நான் படித்துக்கொண்டிருந்த காலத்திலேயே மூட்டை அடுக்குச் சரிந்து இறந்துபோனார். அந்தப் பெரியவர் என் அப்பாதான் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பெயருக்கு ஒருவர் எழும்பிப் போனார், அவ்வளவுதான் சொல்கிறேன்.

"முன்னால வந்தது நான்தானா மகள்? ஒரு ஐயா இல்லையா?"

அந்தப் பிள்ளையின் சிரிப்பு நின்றுவிட்டது. "உங்களுக்குச் சுகமில்லையாம்மா? மேடத்தைக் கூப்பிடவா?"

மேடம் வந்தால் திரும்ப வைக்கச் சொல்வார். திரும்ப வைத்தால் என் பெருவிரல் விழாது. கனடாவில் ஒற்றை அறையில் கிடக்கிற மனுசன் நினைவுக்கு வந்தார். "வேணாம்" என்றேன். மற்ற விரல்களை வைத்தேன், படம் எடுத்தார்கள், முடிந்தது.

வெளியே வந்து காவலாளியிடம் அரைகுறைச் சிங்களத்தில் அந்தப் பெரியவரைப் பற்றிக் கேட்டேன். காலையிலிருந்து ஒரு வயதான ஆளும் வரவில்லை என்றான். அவன் முகத்தையும் நெடுநேரம் பார்த்தேன். பொய் சொல்கிறவன் மாதிரித் தெரியவில்லை.

கீழே மச்சாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு என் பெருவிரலைப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள். அதில் மை இல்லை.

"ஆர் வச்சா என்ன அண்ணி, விழுந்திட்டுதுதானே. அண்ணாட்ட ஒண்டும் சொல்லாதேங்கோ. வாயை மூடிக்கொண்டு வாங்கோ."

இப்போது விசா வந்துவிட்டது. அங்கே போய் இறங்கியதும் விமான நிலையத்திலும் விரலை வைக்கச் சொல்வார்களாம், முதலில் கொடுத்ததோடு ஒத்துப்பார்ப்பார்களாம். எட்டு விரல் என்னுடையவை, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பெருவிரல் இரண்டும் யாருடையவை என்று எனக்குத் தெரியாது. கண்ணாடியைக் காட்டி வை என்று சொல்லும்போது யாருடைய கையை நீட்டுவது என்று இப்போதும் தூக்கத்தில் யோசிக்கிறேன்.

கைரேகை கொடுத்த அடுத்த நாள், எல்லா விரலும் சரியாகக் கிடைத்துவிட்டது என்று போனில் செய்தி வந்தது. மச்சாள் கனடாவுக்குக் கூப்பிட்டு அதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினாள். நான் கடைக்குப் போய், விரலுக்காகத் தள்ளி வைத்திருந்த இரண்டு பிளவுஸுக்குக் கொக்கி தைத்தேன்.