கிழிய வேண்டிய தையல்

தன் தையல் பட்டறையில் தைத்துக் கொடுத்திருந்த பட்டையை ஹரிதா திரும்பக் கொண்டுவந்து மேசைமேல் வைத்ததும் சபுரா அதை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

“ஏக்தம் மஜ்பூத், அம்புட்டு உறுதி. ஒரு நூலு விட்டிருக்கா பாரு புள்ள.”

“அதான்க்கா பிரச்னை. விட்டிருக்கணும்.”

சபுரா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். துணி வெட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் முகம்மது ஹனீப் சிரித்தார். “கிழியாம தைக்கோம்னுதான் தாராவி பூரா பேரு வாங்குனோம். இப்பம் கிழியறதுக்கு ஆர்டர் கொண்டாந்திருக்கு இந்தப் புள்ள.”

ஹரிதா மும்பையில் மாட்டுங்காவில் வளர்ந்தவள். செம்பூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் ராணுவக் கவச வண்டிகளுக்கு இருக்கை வடிவமைக்கிறாள். அதிகம் பேசாதவள் அன்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். வண்டியின் அடிப்பாகம் படகைப் போலக் கூராக இருப்பதால் கண்ணிவெடியின் வேகம் இரு பக்கமும் சிதறிவிடும். ஆனாலும் உள்ளே தரை எகிறும். அதனால்தான் இருக்கையைத் தரையில் முடுக்காமல் கூரையிலிருந்து பட்டைகளில் தொங்கவிடுகிறார்கள். பட்டையின் ஒரு பகுதி மடித்துத் தைக்கப்பட்டிருக்கும். அதிர்ச்சியில் அந்த மடிப்புத் தையல் மட்டும் ஒவ்வொன்றாகப் பிரிய வேண்டும். பிரியப் பிரிய இருக்கை மெல்ல இறங்கும், உட்கார்ந்திருப்பவனின் முதுகெலும்பு தப்பும். நேற்றைய சோதனையில் ஒரு தையலும் பிரியவில்லை. சிப்பாய்க்குப் பதிலாக உட்கார வைத்த பொம்மை வாங்கிய அடியை மனிதன் வாங்கியிருந்தால் எழுந்து நடந்திருக்க மாட்டான். இன்னும் ஒரு சோதனைதான் பாக்கி. அதிலும் தோற்றால் வெளிநாட்டு இருக்கைகளையே வாங்கிவிடுவார்கள்.

சபுரா பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நீ குடுத்த படத்துல இருந்ததுக்கு மேல ஒரு வரி தையல் ஓட்டிருக்கோம். ரெண்டு முனையிலயும் ஊசிய பின்னுக்கு ஓட்டிக் கெட்டி போட்டிருக்கோம். யாரும் சொல்லல, நாங்களாத்தான்.”

அந்தப் பட்டறையின் வழக்கமே அது. மேலப்பாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் சபுரா பள்ளிக்கூடப் பைகள் தைத்தார். பிறகு மலையேறுகிறவர்களின் முதுகுப்பைகள், அதன் பிறகு உயரமான கட்டடங்களில் வேலை செய்கிறவர்களின் பாதுகாப்பு வார்கள். எதுவானாலும் வார் பைக்குள் நுழையும் இடத்தில் கேட்காமலேயே ஒரு வரி கூடுதலாக ஓடும், முனையில் ஊசி பின்னுக்குப் போய்த் திரும்பும். வார் அறுந்து ஒரு பை திரும்பி வந்ததில்லை. ஹரிதா அவரைத் தேடி வந்ததும் அந்தப் பேரைக் கேட்டுத்தான்.

கைப்பழக்கத்தை மாற்றுவது லேசாக இல்லை. ஹரிதா மாதிரிப் பட்டைகளை எடுத்துப்போய் இழுவை இயந்திரத்தில் மாட்டுவாள். பாதிவரை ஒழுங்காகப் பிரிந்து வந்த தையல் சட்டென்று நின்றுவிடும். அங்கே யாரோ கெட்டி போட்டிருப்பார்கள். அங்கே தைக்கிறவர்களில் ஒருவரான கோமதியம்மாள்தான் என்று மற்றவர்கள் சொன்னார்கள். கோமதியம்மாளோ, “முதலாளியம்மா தச்சதப் பாருங்க மொதல்ல” என்றார். பார்த்தால் அதிலும் இருந்தது.

சபுரா ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, அந்த வேலைக்கு ஒதுக்கிய மெஷின்களில் பின்னோக்கித் தைக்கும் லீவரைக் கழற்றிப் போட்டார். “நம்ம கை கேக்காது. மெஷினாவது கேக்கட்டும்.” அதன் பிறகு வந்த பட்டைகள் முதல் தையலிலிருந்து கடைசிவரை ஒரே சீராகப் பிரிந்தன.

சோதனைத் திடலில் வெளியாட்களுக்கு அனுமதியில்லை என்பதால் சபுரா போக முடியவில்லை. ஹரிதா பதுங்கு சுவருக்குப் பின்னால் நின்றாள். வண்டி புழுதிக்குள் எகிறியது, ஒரு சக்கரம் தனியே பறந்தது. புழுதி அடங்கியபோது பயணிகள் கூண்டு நிமிர்ந்தே நின்றது. கதவைத் திறந்து அவள் முதலில் பார்த்தது பட்டைகளைத்தான். ஒவ்வொரு மடிப்பும் பிரிந்து, நூல் முனைகள் சிலிர்த்துக்கொண்டு நின்றன. பொம்மை இடுப்பு வாரோடு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில் பதிந்த அடி வரம்புக்கு நன்றாகக் கீழே.

ஃபோனை எடுத்த சபுரா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “கிழிஞ்சுதா?”

“எல்லாமே கிழிஞ்சுதுக்கா.”

“கிழிஞ்சிட்டு!” என்று சபுரா உள்ளே பார்த்துக் கத்தியதும் மெஷின்கள் நின்றன, கைதட்டல் ஹரிதாவின் காதை அடைத்தது. எதுவோ கிழிந்துபோச்சு என்று பக்கத்துப் பட்டறை ஜஹாங்கீர் ஊசிநூலோடு ஓடி வந்தாராம்.

முழு ஆர்டரும் சபுராவுக்கே வந்தது. அதைச் சொல்ல ஹரிதா போன அன்று எல்லோரும் சுற்றி நின்று ஃபோட்டோ எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் கலைந்ததும் சபுரா அவளை வாசல் பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“உங்க ஆபீஸ்ல கேட்டு, அந்த வண்டிக்குள்ள என்னைய ஒரு தடவ உக்கார வப்பியா புள்ள? வெடியெல்லாம் வேண்டாம். சும்மா உக்காந்து, வார மாட்டிப் பாத்துட்டு எறங்கிருதேன்.”