மூடாத மூடி

என் அக்கா என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால் அம்மா யோசிக்காமல் சொல்லும் பதில்: "கம்ப்யூட்டருக்கு உடம்புக்கு முடியலன்னா இவதான் பார்ப்பா." இந்தப் பதிலால் வந்த வினை, எங்கள் குடியிருப்பில் எந்த வீட்டில் எது நின்றுபோனாலும் அது எங்கள் வாசலுக்கு வந்து சேர்கிறது. சுற்றாத மிக்சி, சொன்ன பேச்சு கேட்காத ரிமோட், அழைப்பு மணி. ஒருநாள் கீழ்வீட்டு அண்ணன் எடை பார்க்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது அவர் எடையைக் கூட்டிக் காட்டுகிறதாம். அக்கா அதன்மேல் ஏறி நின்றாள், இறங்கினாள்.

"எனக்குச் சரியாத்தான் காட்டுது அண்ணே."

அன்றிலிருந்து அவர் படிக்கட்டில் எதிரே வந்தால் சுவரைப் பார்த்தபடி போய்விடுகிறார்.

உண்மையில் அக்காவுக்கு வேலை ஒரு கூரியர் நிறுவனத்தில். அதன் கிளைகளில் கணினி மக்கர் பண்ணினால் அங்கே இருப்பவர்கள் கூப்பிடும் எண்ணின் மறுமுனையில் அவள் இருப்பாள். சில நாள் கிளைகளுக்கு நேரில் போவாள். மற்ற நாள் வீட்டிலேயே, சாப்பாட்டு மேசையின் ஒரு கோடியில். மறுகோடியில் நான் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுடைய ஹெட்செட் செத்துப்போய் வெகுநாள் ஆகிறது. புதிது கேட்டுத் தன் அலுவலகத்துக்கு அவளே புகார் போட்டாள். "கழற்றி மறுபடி மாட்டிப் பாருங்கள்" என்று பதில் வந்தது. அதனால் ஸ்பீக்கரில்தான் பேச்செல்லாம். ஒவ்வொரு அழைப்பும் "இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது" என்ற குரலோடு தொடங்கும். அதைக் கேட்டதும் பள்ளி வேன் ஓட்டிவிட்டு வந்து படுத்திருக்கும் அத்தான் உள்ளறையில் தும்மலைக்கூட அடக்கிக்கொள்வார்.

அந்தக் குரலுக்குப் பிறகு வருவது எந்த ஊரிலிருந்து வந்தாலும் ஒரே வாக்கியம்தான். "நான் ஒண்ணுமே பண்ணல மேடம்."

"அதுக்கு வணக்கம்னு அர்த்தம்," என்பாள் அக்கா. "வணக்கத்துக்குப் பதில் வணக்கம் சொல்லிட்டு மேல போயிடணும். என்ன பண்ணீங்கன்னு கேட்டோம், செத்தோம்."

இப்படிப்பட்டவளைத்தான் விசாரணை மேசைப் பெண்ணின் லேப்டாப் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது.

நகரத்தின் மறுபக்கம் ஒரு கிளை. அங்கே பார்சல் வரவில்லை, உடைந்து வந்தது, வேறு யாருக்கோ போய்விட்டது என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு மேசை. அதில் ஒரு பெண். புதிதாகச் சேர்ந்தவள், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளுடைய லேப்டாப் திரை, வாடிக்கையாளர் வந்து நின்றால் அணைந்துவிடும். அவர் கத்திவிட்டுப் போனதும் திரும்ப வந்துவிடும். யாரும் இல்லாதபோது நாளெல்லாம் ஒழுங்காக எரியும்.

அக்கா இங்கிருந்தே அந்த இயந்திரத்தின் பதிவுகளைத் திறந்து பார்த்தாள். திரை போன ஒவ்வொரு முறையும் ஒரே குறிப்பு: மூடி மூடப்பட்டது. அதாவது யாரோ லேப்டாப்பை மடக்கியிருக்கிறார்கள். அதே பதிவுகளைக் கிளை மேலாளரும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டார்.

"பாத்தீங்களா மேடம்? கஸ்டமர் குரலை உசத்தினா இந்தம்மா மூடிடறாங்க. மெஷினே சொல்லுதே, அப்புறம் என்ன? மாசக் கடைசியில அனுப்பிடலாம்னு இருக்கேன். மெஷின்ல கோளாறு இல்லைன்னு நீங்க எழுதிக் குடுத்தா போதும்."

"நான் நேர்ல பாத்துட்டு எழுதறேன் சார்."

நேரில் போனாள். அந்தப் பெண் அக்காவைக் கண்டதும் பதறி எழுந்து, மேசையில் கிடந்ததையெல்லாம் அள்ளிப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, தன் நாற்காலியைக் கொடுத்தாள். அக்கா மத்தியானம் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தாள். ஆள் மாற்றி ஆள் வந்து கத்தினார்கள். திரை இமைக்கவில்லை. மருத்துவர் அறைக்குள் நுழைந்ததும் பல்வலி போய்விடுமே, அப்படி.

"என்னால நம்ப முடியல மேடம்," என்றாளாம் அந்தப் பெண். "நீங்க போனதும் போயிடும் பாருங்க. நான் ஒண்ணுமே பண்ணல." அவள் கண் மட்டும் அடிக்கடி பையின் பக்கம் போய் வந்ததாம். நடுவில் ஒருமுறை பையோடு கழிவறைக்குப் போய் வந்தவள், வரும்போது முகம் தெளிந்திருந்தாளாம். பள்ளி விட்டதும் மகன் தானே கதவைத் திறந்து வீட்டுக்குள் போவான், தனியாகத்தான் இருப்பான் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறாள். அக்கா இதையெல்லாம் என்னிடம் சொன்னாளே தவிர, ஒன்றையும் ஒன்றோடு சேர்க்கவில்லை. நானும்தான்.

அக்கா படி இறங்குவதற்குள் திரை போயிருக்கிறது. எதிரே நின்ற வாடிக்கையாளரை மேலாளர் விசாரித்தார். "அவங்க மூடவே இல்ல சார். திருதிருன்னு முழிச்சாங்க, அவ்ளோதான்," என்றார் அவர். மேலாளருக்கே சந்தேகம் வந்தது, ஆனால் அந்தச் சந்தேகம் வாடிக்கையாளர் மேல்.

மூடியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் உறுப்பு கெட்டிருக்கும் என்று முடிவுகட்டி, அக்கா அதே வகையில் வேறொரு லேப்டாப்பை அங்கே வைத்தாள். மறுநாள் அதுவும் அணைந்தது. அதுவும் "மூடப்பட்டது" என்றே சாட்சி சொன்னது.

"ரெண்டு மெஷினும் சேந்து ஒரு பொம்பளை மேல பொய் சொல்லுமாடா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? இயந்திரங்களுக்கும் மனிதர்களைப் போல ஆள் பார்த்துப் பேசத் தெரியுமோ என்று தோன்றியது. சொன்னால் அடிப்பாள். சொல்லவில்லை.

பழைய லேப்டாப்பை வீட்டுக்குத் தூக்கிவந்து சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தாள். யாரும் தொடக் கூடாது என்று உத்தரவு. அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அக்கா அதை முறைப்பதும், எழுந்து போவதும், திடீரென்று திரும்பிப் பார்ப்பதுமாக இருந்தாள். கையும் களவுமாகப் பிடிக்கப் பார்த்தாள் போலிருக்கிறது. மாதம் முடிய அதிக நாள் இல்லை. "கோளாறு இல்லைன்னு எழுதினா அந்தப் பொண்ணு போயிடும். இருக்குன்னு எழுத என்கிட்ட கோளாறு இல்ல," என்று சுவரிடம் சொன்னாள்.

மாலை வேன் எடுக்கக் கிளம்பிய அத்தான் தண்ணீர் குடிக்க மேசையருகே வந்தார். ஒரு கையில் சாவி, ஒரு கையில் செல்போன். செம்பை எடுக்கக் கை வேண்டுமே; செல்போனை லேப்டாப்பின் ஓரத்தில் வைத்தார். திரை கறுத்தது.

"என்ன பண்ணீங்க?" அக்கா பாய்ந்து வந்தாள்.

"நான் ஒண்ணுமே பண்ணலியே!"

"ஏதோ பண்ணீங்க."

"சத்தியமா இல்லம்மா. வந்தேன், தண்ணி குடிச்சேன். தண்ணி குடிச்சா அணையுமா? என்ன மெஷின் இது?" அத்தான் கோபமாகச் செல்போனை எடுத்தார். திரை வந்தது. "இதோ வந்துடுச்சே! இதுக்குப் போய்…" என்று திரும்ப வைத்தார். திரை போனது.

மூன்று பேரும் அசையவில்லை.

"எடுங்க," என்றாள் அக்கா. வந்தது. "வைங்க." போனது. "வலது பக்கம் வைங்க." போகவில்லை. "இடது பக்கம்." போனது.

"எனக்கு நேரமாகுது, பிள்ளைங்க கேட்ல நிக்கும்," என்றார் அத்தான் பரிதாபமாக.

அவருடைய செல்போனுக்குப் புத்தகம் போல மடங்கும் பழுப்பு உறை. மூடினால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். அக்கா சமையலறைக்கு ஓடி ஒரு கரண்டியைக் கொண்டுவந்து உறையின் விளிம்பில் காட்டினாள். கரண்டி ஒட்டிக்கொண்டு தொங்கியது.

"காந்தம்," என்றாள். "மடக்கினா மூடியில இருக்கிற காந்தம் இங்க கிட்ட வரும். அத வெச்சுத்தான் இது மூடிட்டாங்கன்னு நினைக்குது போல. நான் இத்தனை நாளா ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கிற மாதிரி ஏதோ பட்டன்னு நினைச்சுட்டிருந்தேன்டா."

கண்டுபிடித்துவிட்ட மகிழ்ச்சி அவள் முகத்தில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. "ஆனா அந்தப் பொண்ணு மேசையில நான் செல்போனையே பாத்ததில்லையே."

"மேசையில இருந்ததையெல்லாம் அள்ளிப் பையில போட்டாங்கன்னு சொன்னியே," என்றேன்.

"ஆமா. அங்க சுவர்லயே ஒட்டியிருக்காங்க. வேலை நேரத்துல செல்போன் கண்ணுல படக் கூடாது, பட்டா அன்னைக்கே வீட்டுக்குப்…" பாதியில் நிறுத்தினாள். எழுந்து மேசையின் எதிர்ப்பக்கம் போய், வாடிக்கையாளர் நிற்பது போல் நின்றாள். அங்கிருந்து பார்த்தால் லேப்டாப் திரையின் முதுகு மட்டும் தெரியும். அதற்குப் பின்னால் என்ன வைத்தாலும் தெரியாது.

"பையன் கூப்பிடுவான்னு செல்போனைப் பக்கத்துலயே வெச்சுக்கிறா. ஆள் வந்தா மறைச்சு வைக்கிறா," என்றாள் மெதுவாக. "நான் அவ பக்கமா போறேன். அதனால பைக்குள்ள போட்டுடறா."

அத்தான் சாவியோடு வாசலில் நின்றுகொண்டு, "அப்ப என் மேல தப்பு இல்லைல்ல?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதற்குள் அந்தக் கிளையிலிருந்தே அழைப்பு வந்தது. இந்த உரையாடல் பதிவு செய்யப்படுகிறது.

"மேடம், மறுபடி போயிடுச்சு மேடம். நான் ஒண்ணுமே…"

"தெரியும்மா. நீங்க ஒண்ணும் பண்ணல." இதை அக்கா யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை. மறுமுனையும் திகைத்துவிட்டது போல. "லேப்டாப் மேல ஏதாவது வைப்பீங்களா?"

"இல்ல மேடம்."

"காந்தம் இருக்கிற மாதிரி ஏதாவது… உறை, கிறை…" சொல்லிக்கொண்டே அக்கா நாக்கைக் கடித்தாள்.  பதிவாகும் பேச்சில் அந்தப் பெண் ஆமாம் என்றால் அதுவே போதும், அவளை அனுப்ப.

"நான் எதுவும் கேக்கல," என்றாள் அக்கா அவசரமாக. "நீங்களும் எதுவும் சொல்லல. பொதுவா எல்லாருக்கும் சொல்றதுதான். கீபோர்டுக்கு இடது பக்கம், கை வைக்கிற இடத்துல, எதையும் வைக்க வேண்டாம்."

"எதை மேடம்?"

"எதையும்."

"பேனா வைக்கலாமா?"

"பேனா வைக்கலாம்."

"தண்ணி பாட்டில்?"

"அது எங்கயும் வைக்கக் கூடாது. அது வேற கதை. நான் சொல்றது… வலது பக்கம் வெச்சா ஒண்ணும் ஆகாது. புரியுதா? எதை வெச்சாலும். வலது பக்கம்."

"புரியல மேடம்," என்றாள். பிறகு மெதுவாக, "வலது பக்கமா மேடம்?"

"வலது பக்கம்."

"சரிங்க மேடம்," என்று அவள் சொன்ன விதத்தில் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அக்காவுக்கு அந்த நம்பிக்கை இல்லை. "புரிஞ்சிருக்குமாடா? புரியலன்னு சொல்லிட்டுச் சரின்னு சொல்றா."

அடுத்த சிக்கல், புகாரை முடித்துவைக்கும் குறிப்பு. செல்போன் என்று எழுதினால் அவள் வேலை போகும். கோளாறு இல்லை என்று எழுதினாலும் போகும்.

"நீதான் புதுக்கவிதையெல்லாம் படிக்கிறியே. உண்மையும் இருக்கணும், யாரும் மாட்டவும் கூடாது. ஒரு வரி சொல்லு."

எனக்குக் காது சுட்டது. வெகுநேரம் யோசித்து, "தொடாத கை ஒன்று மூடியது, மூடாத மூடியை," என்றேன்.

அக்கா என்னையே பார்த்தாள். "முன்னாடி இருந்த குழப்பமே தேவலை." பிறகு தானே தட்டினாள்: காந்தத்தின் தாக்கம். லேப்டாப்பைப் பயன்படுத்துபவர் யாரும் மூடவில்லை.

மறுநாள் காலையிலேயே மேலாளர். "காந்தமா? என்ன மேடம், விளையாடறீங்களா? அப்ப அந்தம்மா மூடல?"

"மூடல சார். அத நான் உறுதியாச் சொல்றேன்."

"யாரோட காந்தம்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மெய்ப்புத் தாளைப் பார்த்தேன்.

"நான் அங்க எந்தக் காந்தத்தையும் கண்ணால பாக்கல சார்."

இது பொய்யா, உண்மையா என்று அன்று முழுக்க எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை என்பது உண்மைதானே என்றேன். உண்மைன்னா ஏன்டா நான் இன்னும் கேட்டுட்டிருக்கேன் என்றாள். அதற்குள் அந்தக் கிளையில் மேலாளர் காந்த வேட்டை நடத்தி, குண்டூசிகள் ஒட்டும் டப்பாவைத் தன் மேசையிலேயே கண்டுபிடித்தாராம். அது விசாரணை மேசையிலிருந்து பல எட்டுகள் தள்ளி இருந்தது. அத்தனை தூரம் தாக்குமா என்று அக்காவிடம் ரகசியக் குரலில் கேட்டார். "இருக்கிற இடத்துலயே இருக்கட்டும் சார், பரவாயில்ல," என்றாள் அக்கா. அவர் அதற்குமேல் எதையும் கிளறவில்லை.

மாதம் முடிந்தது. அடுத்த மாதத்தின் ஒரு பிற்பகல், அந்தக் கிளையின் எண் வந்தது. அக்கா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். பதிவுக் குரல் முடியும்வரை காத்திருந்தோம்.

"வணக்கம் மேடம். புகார் இல்ல மேடம். சும்மாதான். ஒரு தடவைகூடப் போகல. என்னை நிரந்தரம் பண்ணிட்டாங்க. நீங்க என்ன சரி பண்ணீங்கன்னுதான் தெரியல…"

அப்போது அவள் குரலுக்குப் பின்னால் ஏதோ ஒன்று மரப்பலகையில் டர்ர்… டர்ர்… என்று அதிர்ந்தது.

அக்கா இருமத் தொடங்கினாள். தொண்டையைக் கிழித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, அந்த அதிர்வு நிற்கும்வரை இருமினாள். உள்ளறையிலிருந்து அத்தான் செம்போடு ஓடிவந்து, பதிவாகிறதே என்ற பயத்தில் வாய் திறக்காமல், சைகையில் கேட்டார்: நான் என்ன பண்ணினேன்?