முதல் தடத்தை விட்டுக்கொடுத்தவள்

கல்லூரியில் அவளைக் கொக்கு என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பில் பாதிக்கு மேல் கால்தான் என்று கூடப்பிறந்த அண்ணனே கேலி செய்வான். அந்தக் கால்களை வைத்துக்கொண்டு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் அவள் பார்த்த வேலை என்ன தெரியுமா? அடுத்தவளுக்கு முன்னால் ஓடி, எதிர்க்காற்றைத் தன் நெஞ்சில் வாங்கிக்கொள்வது.

அந்த அடுத்தவள் பட்டாசு. விடுதியில் இருவருக்கும் ஒரே அறை, சோப்புகூட ஒன்றுதான். கடைசி நூறு மீட்டரில் பட்டாசைப் பிடிக்க ஆளில்லை. ஆனால் அதுவரை ஒரே சீராக ஓட அவளுக்கு வராது. கொக்குக்கோ அது கைவந்த கலை. அதனால் பயிற்சியாளர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கொக்கு முன்னால் ஓடி வேகம் கொடுக்க வேண்டும். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்ததும் இரண்டாம் தடத்துக்கு விலகி வழிவிட வேண்டும்.

"நீ வண்டிய இழு, அவ பரிச வாங்கட்டும். எல்லாம் நம்ம காலேஜுக்குத்தானே?" என்பார். கொக்கும் தலையாட்டுவாள். தலையாட்டுவதற்குப் பரிசு வைத்திருந்தால் வீட்டில் கோப்பை வைக்க இடம் போதாது!

கடைசி வருடம் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு ஓட்டம் நடந்தது. முதலில் வருகிற ஒருத்திக்குத்தான் இடம். அதை விட்டால் படிப்போடு ஓட்டமும் முடிந்தது. அன்று பார்த்து கொக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. மூன்றாம் சுற்றிலும் மூச்சு கைவசம் இருந்தது. பின்னால் பட்டாசுக்குத்தான் இரைத்தது. மணி அடிக்கப்போகும் நேரத்தில் அவள் குரல் காதருகே வந்தது.

"என்னால முடியலடி. நீ போ! போடி!"

தெளிவாகத்தான் கேட்டது. போயிருக்கலாம், பாவி. மணி அடித்ததும் பழகிய கால்கள் தானாக இரண்டாம் தடத்துக்கு நகர்ந்தன. பட்டாசு வருவாளென்று வேகத்தையும் குறைத்தாள். காலியாகக் கிடந்த உள்பக்கத்தில் வேறு கல்லூரிப் பெண்கள் இருவர் புகுந்து முன்னேறினார்கள். இவள் சுதாரித்துத் துரத்துவதற்குள் காரியம் கைமீறிப் போயிருந்தது.

"சொன்னதச் செஞ்ச, உன்மேல தப்பில்லம்மா," என்றார் பயிற்சியாளர். அவர் திட்டியிருந்தால்கூட ஆறியிருக்கும். இதுதான் இன்றுவரை அவளைச் சுடுகிறது.

இப்போது கொக்கு ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களை வரிசையாக உள்ளே அனுப்புகிறாள். போன வாரம் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பட்டாசு வந்து நின்றாள்.

"அடியே கொக்கு, நீயா! சிரிக்க வைக்காதடி, உயிர் போகுது."

இருவரும் சிரித்துத்தான் தீர்த்தார்கள். பிறகு பட்டாசு குரலைத் தாழ்த்தினாள். "ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு நான் போ போன்னு கத்தினது உனக்குக் கேட்டுச்சா?"

உண்மை தொண்டைவரை வந்தது. "இல்லடி. காத்துல ஒண்ணும் கேக்கல."

"அப்பாடா!" பட்டாசு நாற்காலியில் சாய்ந்தாள். "கேட்டும் எனக்காகத்தான் நின்னுட்டியோன்னு இத்தனை வருஷமா மனசு அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. கேட்டிருந்தா நீ போயிருப்ப. ஜெயிச்சும் இருப்ப. இல்ல?"

"ஆமாடி. போயிருப்பேன்," என்று சொல்லிவிட்டு, கொக்கு அவளை உள்ளே அனுப்பினாள்.